புற்றுக்காளானை ஆய்வுக்கூடம் வரை கொண்டுபோவது எப்படி

காட்டுக் காளானை வைத்து ஆய்வு செய்யப் போகிறேன் என்று வரும் மாணவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, சாறு எடுக்க மெத்தனால் நல்லதா எத்தனால் நல்லதா, டி.பி.பி.எச். என்ற ஆக்ஸிஜனேற்றத் தடுப்புச் சோதனை ஒன்று போதுமா இன்னும் இரண்டு டெஸ்ட் சேர்க்கணுமா என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது மூன்று. அந்தக் காளானுக்குப் பெயர் என்ன? எந்த ஊரில் எந்தப் புற்றில் எடுத்தீர்கள்? அதே காளானில் காய வைத்த மாதிரி ஒன்று எங்கேயாவது பத்திரமாக இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் மீதி வேலை எல்லாம் வீண். முதுகலை படிக்கும்போது மலையடிவாரச் சந்தையில் ஒரு கூடைக் காளான் வாங்கி, எல்லாம் ஒரே இனம் என்று நம்பி, மொத்தத்தையும் காய வைத்து அரைத்துவிட்டேன். மூன்று மாதம் கழித்து, அரைக்காமல் மிஞ்சிக் கிடந்த இரண்டு காளான்களை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோதுதான் இரண்டும் வேறு வேறு இனம் என்று தெரிந்தது. அதுவரை எடுத்த எண்கள் அத்தனையையும் கிழித்துப் போட வேண்டியதாயிற்று. அந்த வருத்தம் இன்னொருவருக்கு வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டுக்குப் புற்றுக்காளானையே வைத்துக்கொள்வோம், நம் ஊரில் அதைவிடப் பொருத்தமான காளான் கிடையாது. அறிவியல் பெயர் டெர்மிடோமைசிஸ். பிரெஞ்சு ஆய்வாளர் ரோஜர் ஹெய்ம் 1942-ல் இந்தப் பேரினத்துக்குப் பெயர் வைத்தார். அவர் பெயரையே தாங்கிய டெர்மிடோமைசிஸ் ஹெய்மி என்ற இனத்தை 1979-ல் உலகுக்குப் புதிதாக விவரித்தவர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கே. நடராஜன். நாம் குழம்பு வைத்துச் சாப்பிடும் காளான்தான், ஆனால் அதற்குப் பெயர் கிடைத்தே ஐம்பது ஆண்டு ஆகவில்லை. கரையான்கள் புற்றுக்குள் இலைதழை, மரத்துண்டுகளைத் தின்று, அதன் கழிவால் கடற்பஞ்சு மாதிரி ஒரு தோட்டம் கட்டி, அதில் இந்தப் பூஞ்சையை வளர்த்துச் சாப்பிடுகின்றன. மழை பெய்து மண் இளகியதும் அந்தத் தோட்டத்திலிருந்து நீளமாக ஒரு வேர் போன்ற காம்பு கிளம்பி மண்ணைத் துளைத்து மேலே வந்து குடை விரிக்கிறது. கரையான் இல்லாமல் இந்தக் காளானை விளைவிக்கும் வழி இன்னும் நடைமுறைக்கு வராததால், சிப்பிக்காளான் மாதிரி பாக்கெட்டில் வளர்த்து மாதிரி எடுக்க முடியாது. மழையில் நனைந்து தேடித்தான் ஆகணும்.

தேடப் போவதற்கு முன்னால் அனுமதி. காப்புக் காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி எழுத்தில் வேண்டும், வாய்மொழியாகச் சொன்னார்கள் என்பதெல்லாம் பின்னால் உதவாது. மாதிரியை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவதாக இருந்தால் 2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டம் குறுக்கே நிற்கும், அதைப் பார்க்கும் தேசியப் பல்லுயிர் ஆணையம் சென்னைத் தரமணியில்தான் இருக்கிறது. விசாரிக்காமல் பார்சல் போட்டுவிடாதீர்கள். அப்புறம், காளான் எங்கே முளைக்கும் என்று உங்களுக்குக் காட்டப் போவது ஏதாவது ஒரு மலைக் கிராமத்துப் பாட்டியோ ஆடு மேய்க்கும் அண்ணனோதான். அவர்களிடம் என்ன செய்யப் போகிறீர்கள், முடிவு எங்கே வெளியாகும் என்று முதலிலேயே சொல்லுங்கள். கேரளத்தில் அகத்தியமலைக் காணிக்காரர்கள் காட்டிக்கொடுத்த ஆரோக்கியப்பச்சை என்ற செடியிலிருந்து ஒரு மருந்து வந்தபோது, உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதி அவர்களுக்கு என்று ஒப்பந்தம் ஆனது. அது செடிக்கு நடந்தது, காளானுக்கும் அதே நியாயம்தான்.

சேகரிக்கும் நாளுக்கு வேண்டியது பெரிய கருவி எதுவும் இல்லை. காகிதப் பைகள், சின்னக் கொத்து, மென்மையான பிரஷ், ஸ்கேல், பென்சில், நோட்டு, ஃபோன். பிளாஸ்டிக் கவரில் மட்டும் போடாதீர்கள், அரை மணி நேரத்தில் வேர்த்து, வீடு வருவதற்குள் கூழாகிவிடும். காளானைப் பிடித்து இழுத்தால் அடிக்காம்பு அறுந்து மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும். டெர்மிடோமைசிஸை அடையாளம் காட்டுவதே அந்த நீண்ட வேர்க்காம்புதான் என்பதால், சுற்றிலும் மண்ணைக் கொத்தி முழுசாக எடுங்கள். புற்றை உடைக்காதீர்கள். ஒரு புற்றில் பதினைந்து இருந்தால் நாலைந்து போதும், அடுத்த மழைக்கும் அது வேண்டும், அந்தப் பாட்டிக்கும் வேண்டும்.

எடுப்பதற்கு முன்பே, நிற்கும் நிலையில் ஒரு படம் எடுத்துவிடுங்கள், மற்றவை எடுத்தபின். மேலிருந்து குடை, திருப்பி வைத்துக் குடைக்கு அடியில் உள்ள மடிப்புகளான செவுள், காம்பு முழுக்க, அடிப்பகுதி, நீளவாக்கில் வெட்டிய ஒன்று, எல்லாவற்றிலும் பக்கத்தில் ஸ்கேல். நோட்டில் தேதி, ஃபோன் காட்டும் அட்சரேகை தீர்க்கரேகை, பக்கத்தில் நிற்கும் மரங்கள், குடையின் நிறம், நசுக்கினால் நிறம் மாறுகிறதா, வாசனை எப்படி, உள்ளூரில் என்ன பெயர் சொல்கிறார்கள். இந்தக் கடைசி விஷயத்தை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். நூற்றுக்கணக்கில் பொடிப்பொடியாக முளைக்கும் டெர்மிடோமைசிஸ் மைக்ரோகார்ப்பஸை அரிசிக்காளான் என்பார்கள், அந்தப் பெயர் ஒன்றே பாதி அடையாளத்தைச் சொல்லிவிடுகிறது. ஒரு பையில் ஒரு புற்றின் காளான் மட்டும். பைக்கு ஒரு எண், நோட்டில் அதே எண்.

அன்று ராத்திரியே ஸ்போர் பிரிண்ட், அதாவது செவுளிலிருந்து உதிரும் வித்துத்தூளின் பதிவு, எடுத்துவிடணும், மறுநாள் என்று தள்ளினால் குடை வாடிவிடும். காம்பை வெட்டிவிட்டு, பாதி வெள்ளைக் காகிதம் பாதி கறுப்புக் காகிதத்தின் மேல் செவுள் கீழே இருக்கும்படி வைத்து, மேலே ஒரு டம்ளரைக் கவிழ்த்து விடியும்வரை விட்டுவிடுங்கள். டெர்மிடோமைசிஸ் என்றால் வெளிறிய இளஞ்சிவப்பில் தூள் படிந்திருக்கும். புல்தரைகளில் பெரிய வெள்ளைக் குடையாக வரும் குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ், பார்ப்பதற்கு அவ்வளவு அழகாகச் சாப்பிடத் தோன்றும், அதன் பிரிண்ட் பச்சையாக விழும். சாப்பிட்டால் சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் பிடுங்கி எடுத்துவிடும். கொல்லக்கூடிய அமானிட்டாக்களுக்கு வெள்ளைப் பிரிண்ட். ஆனால் இளஞ்சிவப்பு விழுந்துவிட்டது, சாப்பிடலாம் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. என்டோலோமா என்ற காளான் பேரினத்துக்கும் இளஞ்சிவப்புத்தான், அதில் விஷமுள்ளவை உண்டு.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். வெள்ளிக் காசு கறுக்கிறதா பார், பூச்சி கடித்திருந்தால் மனுஷனும் சாப்பிடலாம், நன்றாகக் கொதிக்க வைத்தால் விஷம் போய்விடும் என்றெல்லாம் சொல்வார்கள். ஒன்றுகூட உண்மையில்லை. அமானிட்டா ஃபல்லாய்டஸில் இருக்கும் ஆல்ஃபா அமானிட்டின் கொதிநீருக்கு அசையாது. செல்லுக்குள் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் இரண்டு என்ற நொதியைப் பிடித்து நிறுத்திவிடும், அதோடு புரதம் செய்யும் வேலையே நின்றுபோகும். உடல் எடை ஒரு கிலோவுக்குச் சுமார் 0.1 மில்லிகிராம் உயிரைப் பறிக்கப் போதும், அதாவது 60 கிலோ ஆளுக்கு 6 மில்லிகிராம். ஒரே ஒரு வளர்ந்த குடையில் அவ்வளவு இருக்க முடியும். இதைவிடக் கொடுமை, சாப்பிட்டவுடன் ஒன்றும் தெரியாது. ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து வாந்தி பேதி வரும், பிறகு தேறிவிட்டது போலவே தோன்றும், உள்ளுக்குள் ஈரல் அழிந்துகொண்டிருக்கும். 2022 ஏப்ரலில் அசாம் தேயிலைத் தோட்டப் பகுதிகளில் காட்டுக் காளான் சாப்பிட்டுப் பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். சந்தேகமான காளானை யாராவது சாப்பிட்டுவிட்டால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல், மிஞ்சிய காளானைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

செய்தித்தாளில் காளான் சாற்றைத் தேய்த்து, காய்ந்தபின் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால், அமானிட்டின் இருந்தால் நீலமாகும். மெய்க்ஸ்னர் சோதனை என்று பெயர், மலிவான காகிதத்தில் இருக்கும் லிக்னின்தான் இதில் வேலை செய்கிறது. கற்றுக்கொள்ள அருமையான சோதனை. ஆனால் வேறு சில பொருட்களுக்கும் நீலம் வரும், நீலம் வரவில்லை என்பதால் மற்ற விஷங்கள் இல்லை என்றும் ஆகாது. சாப்பிடலாமா என்று தீர்மானிக்க இதைப் பயன்படுத்தவே கூடாது. ஆய்வுக்கு எடுத்த காளானை வாயில் வைக்காதீர்கள், அவ்வளவுதான். உண்ணத்தக்கவை என்ற பட்டியலே மாறிக்கொண்டிருக்கிறது. ஐரோப்பாவில் காலங்காலமாக விரும்பிச் சாப்பிட்ட டிரைக்கோலோமா இக்வெஸ்ட்ரே தசையைச் சிதைக்கும் என்று பிரான்சில் நடந்த மரணங்களை வைத்து 2001-ல்தான் தெரிந்தது. ஜெர்மனியின் காளான் அறிஞர் யூலியஸ் ஷேஃபர் 1944-ல் இறந்ததே, அந்தக் காலத்தில் எல்லோரும் சாப்பிட்ட பாக்சில்லஸ் காளானைச் சாப்பிட்டுத்தான்.

சரி, பெயருக்கு வருவோம். தோற்றம், ஸ்போர் பிரிண்ட், மைக்ரோஸ்கோப் அளவுகள் மூன்றையும் வைத்து ஒரு பெயருக்கு வந்தபிறகு டி.என்.ஏ.வையும் பாருங்கள். குடையின் உள்சதையில் சின்னத் துண்டு எடுத்து சிலிக்கா ஜெல்லில் போட்டு உலர்த்தி, ஐ.டி.எஸ். என்ற பகுதியைப் பெருக்கி வரிசை எடுக்கச் சொல்லுங்கள். பூஞ்சைகளுக்கான பொதுவான பார்கோடாக 2012-ல் முன்மொழியப்பட்டது அந்தப் பகுதிதான். கிடைத்த வரிசையைப் பொதுத் தரவுத்தளத்தில் போட்டால் முதலில் வரும் பெயரை அப்படியே எழுதிவிடுகிறார்கள், அது பெரிய தவறு. அங்கே தப்பான பெயரோடு ஏற்றப்பட்ட வரிசைகள் ஏராளம். யுனைட் என்ற பூஞ்சைத் தரவுத்தளத்திலும் ஒப்பிட்டு, எது எதற்கு உறவு என்று காட்டும் ஒரு மர வரைபடம் போட்டுப் பார்த்தபிறகு எழுதுங்கள். ஒவ்வொரு புற்றிலிருந்தும் ஒரு முழுக் காளானையாவது 40 டிகிரியில் உலர்த்தி, உலர் மாதிரிகளைப் பாதுகாக்கும் ஒரு ஹெர்பேரியத்தில் ஒப்படைத்து எண் வாங்கிவிடுங்கள். நாளைக்கு வகைப்பாடு மாறினாலும், நீங்கள் அளந்தது எது என்று அந்த எண்ணை வைத்து யார் வேண்டுமானாலும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

வேதியியலுக்கான மாதிரியை உலர்த்துவதில்தான் நிறைய ஆய்வுகள் சத்தமில்லாமல் கெட்டுப்போகின்றன. புற்றுமண் காம்பில் ஒட்டியே இருக்கும். அதோடு அரைத்தால் சாம்பலும் இரும்பும் அமோகமாக வரும், அது காளானுடைய இரும்பு கிடையாது, மண்ணுடையது. தண்ணீரில் ஊற வைத்தால் கரையும் பொருட்கள் போய்விடும். பிரஷ்ஷால் துடைத்து, அடிக்காம்பின் தோலைச் சீவிவிடுங்கள். பிறகு மெல்லிய துண்டுகளாக்கி 40 டிகிரியில் உலர்த்துங்கள், உறைய வைத்து உலர்த்தும் ஃப்ரீஸ் டிரையர் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். அவசரப்பட்டு 80 டிகிரியில் வைத்தால் பழுப்பாகி வறுத்த வாசனை வரும். அப்போது உண்டாகும் பழுப்புப் பொருட்களே ஆக்ஸிஜனேற்றத் தடுப்பு எண்களை ஏற்றிவிடும். வெயிலில் காய வைப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. காளானில் எர்கோஸ்டெரால் என்ற பொருள் உண்டு, புறஊதாக் கதிர் பட்டால் அது வைட்டமின் டி2 ஆக மாறும். சமையலுக்கு இது நல்ல செய்திதான், வெயிலில் வைத்துச் சாப்பிடுங்கள் என்றே சொல்வேன். ஆனால் நீங்கள் அளக்கப் போவது காளானில் இயல்பாக எவ்வளவு இருந்தது என்பதை என்றால், நிழலில்தான் உலர்த்தணும்.

புரதக் கணக்கில் ஒரு பழைய தவறு இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. கெல்டால் முறையில் நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குவது வழக்கம். காளானின் செல்சுவர் கைட்டின், அதில் நைட்ரஜன் உண்டு, ஆனால் அது புரதம் இல்லை. அதனால் காளானுக்கு 4.38 என்ற எண்ணைப் பயன்படுத்துகிறார்கள். உலர்ந்த பொடியில் நைட்ரஜன் 5 சதவீதம் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 6.25 என்றால் புரதம் 31.25 சதவீதம், 4.38 என்றால் 21.9. எவ்வளவு வித்தியாசம் பாருங்கள். இதிலும் பச்சைக் காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், ஆகவே நூறு கிராம் பச்சைக் காளானில் வருவது 2 கிராமை ஒட்டித்தான். உலர் எடையா பச்சை எடையா என்று எழுதாத எண்ணை நான் படிப்பதே இல்லை. ஈரப்பதம் 105 டிகிரியில், சாம்பல் 550 டிகிரியில், கொழுப்பு சாக்ஸ்லெட் என்ற கருவியில் பெட்ரோலியம் ஈதரில், இவையெல்லாம் வழக்கமான முறைகள்தான், கையேட்டைப் பார்த்தே செய்துவிடலாம்.

சாறு எடுக்க 10 கிராம் பொடிக்கு 100 மி.லி. மெத்தனால், ஷேக்கரில் ஒரு நாள், வடிகட்டிவிட்டு அதே பொடியில் இன்னும் இரண்டு முறை, பிறகு ரோட்டரி எவாப்பரேட்டரில் 40 டிகிரிக்கு மேல் போகாமல் வற்ற வைத்து எடை போடுங்கள். கூடவே வெந்நீர்ச் சாறு ஒன்றும் கட்டாயம் எடுங்கள். யாரும் காளானை மெத்தனாலில் சாப்பிடுவதில்லை, குழம்பில் கொதிக்க வைத்துத்தான் சாப்பிடுகிறார்கள். பீட்டா குளுக்கன் போன்ற கூட்டுச்சர்க்கரைகளும் வெந்நீரில்தான் வெளியே வரும். அந்தச் சாற்றில் மூன்று நான்கு மடங்கு எத்தனால் ஊற்றி ராத்திரி முழுக்கக் குளிரில் வைத்தால் அவை வெள்ளைவெள்ளையாகப் படியும். முடிந்தால் மாதிரியில் பாதியைச் சமைத்தபிறகு அளந்து பாருங்கள், உண்மையில் தட்டில் வருவது அதுதான்.

ஃபீனால் அளவுக்கு ஃபோலின் சியோகால்ட்டியூ என்ற கரைசல். காலிக் அமிலம் ஸ்டாண்டர்டு, சோடியம் கார்பனேட், 765 நானோமீட்டரில் ரீடிங். நீலம் வந்தால் ஃபீனால் என்று நினைக்கக் கூடாது, சில சர்க்கரைகள், வைட்டமின் சி, டைரோசின் உள்ள புரதம் எல்லாமே அதே நீலத்தைத் தரும். அதனால் முடிவை ‘மொத்த ஃபீனால்’ என்று எழுதும்போது இந்தக் குறையையும் சேர்த்து எழுதுங்கள். ஃபிளாவனாய்டு விஷயம் இன்னும் மோசம். அலுமினியம் குளோரைடு போட்டு மஞ்சள் வந்ததும் மில்லிகிராம் கணக்கில் ஃபிளாவனாய்டு இருப்பதாக எத்தனையோ ஆய்வேடுகள் சொல்கின்றன. ஃபிளாவனாய்டு தாவரங்களின் கைவேலை. அதைச் செய்யத் தேவையான முக்கிய நொதிகள் காளான்களில் காணவில்லை, அந்தச் சோதனை தருவது பொய்யான விடை என்று 2016-ல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் விரிவாகவே காட்டினார்கள். கலவையைத் தனித்தனிப் பொருளாகப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி.யில் தனிப் பீக்காகப் பார்த்து, மூலக்கூறின் எடையைக் காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ராவாலும் உறுதி செய்யாமல் காளானில் குவர்செட்டின் என்ற ஃபிளாவனாய்டு இருக்கிறது என்று எழுதவே எழுதாதீர்கள்.

டி.பி.பி.எச். சுலபம். ஊதாக் கரைசல், சாறு சேர்ந்ததும் மஞ்சளாக வெளுக்கும், இருட்டில் அரை மணி வைத்து 517 நானோமீட்டரில் பாருங்கள், அஸ்கார்பிக் அமிலத்தோடு ஒப்பிடுங்கள். அது காட்டுவது ஒரு சோதனைக் குழாயில் நடப்பதை மட்டும். இந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு முதுமையைத் தடுக்கும், புற்றுநோயைக் குணமாக்கும் என்று எழுதிவிடுகிறார்கள், நோயாளிகள் வீட்டில் அதைப் படித்துவிட்டு மருத்துவத்தை நிறுத்துகிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு மனசு பதறுகிறது. ஷிட்டேக் காளானின் லென்டினன் என்ற கூட்டுச்சர்க்கரை ஜப்பானில் 1969-ல் பிரித்தெடுக்கப்பட்டது, 1985-ல்தான் அனுமதி கிடைத்தது, அதுவும் இரைப்பைப் புற்றுநோய்க்குக் கீமோதெரபியோடு சேர்த்துப் போடும் ஊசியாக. நடுவில் பதினாறு ஆண்டு.

நேரமும் கருவியும் இருந்தால் எர்கோதயோனினை அளந்து பாருங்கள் என்பேன், காளான் வேதியியலில் எனக்கு மிகவும் பிடித்த பொருள் அது. 1909-ல் தாங்ரே என்பவர் எர்காட் பூஞ்சையில் கண்டுபிடித்த கந்தக அமினோ அமிலம். மனித உடல் இதைச் செய்துகொள்வதில்லை, உணவிலிருந்துதான் வர வேண்டும், ஆனாலும் இதை உள்ளே இழுத்துக்கொள்ளவே நம் செல்களில் ஒரு கடத்தி இருப்பதாக 2005-ல் கண்டார்கள். எச்.பி.எல்.சி.யில் 257 நானோமீட்டருக்குப் பக்கத்தில் பிடிக்கலாம். உலோகங்களையும் விடாதீர்கள். காளான் கேட்மியம், பாதரசம், ஈயத்தை உறிஞ்சிச் சேர்த்துவைக்கும், அதனால் சாலையோரத்திலும் பூச்சிமருந்து அடிக்கும் தோட்டத்திலும் எடுத்தவற்றைக் காட்டில் எடுத்தவற்றோடு கலக்கவே கூடாது.

எத்தனை முறை அளப்பது? ஒரே சாற்றை மூன்று முறை அளந்துவிட்டு மூன்று மாதிரி என்று எழுதுவது கணக்காகாது, உங்கள் பிப்பெட் எவ்வளவு சரி என்பதைத்தான் அது சொல்லும். குறைந்தது ஐந்து வேறு புற்றுகள், ஒவ்வொன்றுக்கும் தனிப் பொடி, தனிச் சாறு. வேலை கூடும், வேறு வழியில்லை.

முடிவு வந்ததும் அதில் ஒரு பக்கத்தைத் தமிழில் எழுதி, இடம் காட்டிய அந்தக் குடும்பத்திடம் நேரில் போய்ப் படித்துக் காட்டுங்கள். கேட்மியம் அதிகம் வந்த இடம் ஏதாவது இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். மிஞ்சிய பொடியைக் காற்றுப் புகாத குப்பியில், சிலிக்கா ஜெல்லோடு, மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். குப்பிக்கு வெளியே ஒரு சீட்டு, உள்ளே ஒரு சீட்டு, இரண்டிலும் ஹெர்பேரியம் எண், புற்று எண், தேதி. பென்சிலால் எழுதுங்கள், மெத்தனால் பட்டால் பேனா மை கரைந்துவிடும்.